காலஞ்சென்ற கிளடிஸ் எழுதிக்கொள்வது

பார்க்டேல், ரொறன்ரோ
உயிர்த்த ஞாயிறு, 20 சித்திரை 2025

அன்புத் தம்பி கஸ்பருக்கு,

காலஞ்சென்ற கிளடிஸ் எழுதிக்கொள்வது. நான் சுகம். சித்திரை முடியப் போகிறது, இன்னும் சுவெற்றர் கழற்றவில்லை. ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் நரகம் இல்லை என்பது நிச்சயம், அங்கே சூடாக இருக்குமாம். கட்டாரில் நீ எப்படி? முதுகு நோவுக்கு நான் அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறாயா, கட்டிலுக்குக் கீழே வைத்து அழகு பார்க்கிறாயா?

இனிமேல் போன் இல்லை, கையால் எழுதி அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாய். போன கிழமை மூன்று பேரும் ஒரே லைனில் வந்தபோது நானும் அக்காவும் கத்திய கத்தலில் உனக்குக் காது அடைத்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம் பேனையைத் தந்தது பெரிய தண்டனையடா. "நான் நடுவிலை நிக்கிறன், ரெண்டு பேரும் எழுதித் தாங்கோ" என்றாயே, இதோ என் பக்கத்து வழக்கு.

போன ஐப்பசியில் அப்பா ஒஷாவாவில் அக்கா வீட்டில் கண்ணை மூடினார். மரண அறிவித்தலை அக்கா ஜசிந்தாதான் கொடுத்தாள். அதில் என்ன வந்தது? "காலஞ்சென்றவர்களான மரியரட்ணம், கிளடிஸ் மற்றும் ஜசிந்தா (கனடா), கஸ்பர் (கட்டார்) ஆகியோரின் பாசமிகு தந்தை யோசப்." என்னோடு ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த மரியரட்ணத்தோடு என்னையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

ஸ்காபரோவிலிருந்து ரோகிணி அன்ரி போன் எடுத்தா.

"பிள்ளை, நீ ஆர்? கிளடிஸின்ரை மகளோ?"

"இல்லை அன்ரி, நான்தான் கிளடிஸ்."

"ஐயோ கடவுளே, எப்பவடி செத்தனீ?"

இப்படி எத்தனை பேர்! நானும் மனுசிதானே. செத்த வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, "கொஞ்சம் அரக்கி வழி விடுங்கோ, மற்றப் பிரேதம் வந்திருக்குது" என்றேன். சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால், "நீ உண்மையாச் செத்தாலும் நான் வரமாட்டன்" என்றாள். அன்றோடு கதை இல்லை, போன கிழமை போனில் கத்தியதைத் தவிர.

வருகிற ஐப்பசியில் அப்பாவுக்கு ஆண்டுப் பூசை. அன்று கோவிலில் அக்கா பக்கத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் என் வீட்டுக்கு வந்து, வாயால், "கிளடிஸ், பிழை என்னுடையது, பூசைக்கு வா" என்று சொல்ல வேண்டும். நினைவஞ்சலி அறிவித்தலில் என்னை உயிர்ப்பிக்கவும் வேண்டும். ஆண்டவர் மூன்றாம் நாளே எழும்பிவிட்டார். நான் ஆறு மாதமாகக் கிடக்கிறேன்.

மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உன் சின்னக்கா,
கிளடிஸ்

---

டோஹா, கட்டார்
11 வைகாசி 2025

அன்புள்ள சின்னக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். எண்ணெய் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. அதற்கும் சுகம்.

ஏன் எழுதச் சொன்னேன் என்று கேட்டீர்கள். எங்கள் ஹோட்டலில் நான் பார்ப்பது அதைத்தான். சமாதானப் பேச்சுக்கு வருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒரு பகுதி ஆறாம் மாடி, மற்றப் பகுதி ஒன்பதாம் மாடி. இந்த நாட்டுக்காரர்கள் நடுவில் லிப்டில் ஏறி இறங்குவார்கள், கையில் ஒரு கடதாசியோடு. யார் எவர் என்று நான் எழுதக் கூடாது, எனக்குப் பாதி தெரியவும் தெரியாது. என் வேலை இரண்டு அறைக்கும் தேநீர் கொண்டுபோவது. ஒரே தேநீர், ஒரே பேரீச்சம்பழம். ஒரு தட்டில் ஒரு பழம் குறைந்தாலும் மனிசர் யோசிப்பார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

ஏன் எல்லாரும் இங்கே வருகிறார்கள் என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். "நாடு சின்னது, கஸ்பர். சுற்றிவரப் பெரிய ஆட்கள். சின்னவன் எல்லார் வீட்டுக்கும் போய்வரத் தெரிந்திருந்தால்தான் அவன் வீடு நிற்கும்" என்றார். நான் எங்கள் வீட்டில் கடைக்குட்டி. எனக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உங்கள் வழக்கைப் பெரியக்காவிடம் சொன்னேன். அவ சொன்ன பதில்: "கிளடிஸ் சுகமா இருக்கிறது சந்தோசம். செத்த வீட்டிலை அவள் நடந்த விதம் எனக்குக் கவலை." அந்தப் பகிடிக்கு நீங்கள் ஒஷாவாவுக்கு வந்து வருத்தம் தெரிவித்தால் மற்றதைக் கதைக்கலாமாம்.

பணிவுடன் தம்பி,
கஸ்பர்

---

பார்க்டேல்
25 வைகாசி 2025

என் ராசா கஸ்பர்,

சுகமாயிரு. நான் சுகம், ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்ததில் விலாவில் பிடித்துக்கொண்டது.

"கவலை"யாம்! ஜசிந்தா வாயில் அந்தச் சொல் வந்ததாம்! டேய், நாற்பது வருசத்துக்கு மேல் அவளோடு ஒரே தலையணையில் படுத்தவள் மாதிரி அவளை எனக்குத் தெரியும். "அந்தக் குரங்கு பல்லைக் காட்டினது" என்றுதான் சொல்லியிருப்பாள். நீ கழுவி, துடைத்து, தட்டில் வைத்து, பேரீச்சம்பழமும் வைத்துக் கொண்டுவருகிறாய். எனக்குப் பச்சையாகத் தா.

நான் இப்போது வேலை செய்வது திபெத்துக்காரரின் மோமோ கடையில். மோமோ என்றால் நம்முடைய கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம், உள்ளே இறைச்சி. முதலாளிப் பெண் என்னை "அச்சா, அச்சா" என்று கூப்பிடுவாள். எனக்கு அது "ஆச்சி" என்று கேட்டு, ஒரு கிழமை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஐம்பது வயதில் ஆச்சியா? பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பாசையில் அச்சா என்றால் அக்காவாம். அன்றிலிருந்து அவள் கூப்பிட்டால் துள்ளிக்கொண்டு ஓடுகிறேன். எனக்குத் தங்கச்சி இல்லை அல்லவா, ஒருத்தர் அக்கா என்று கூப்பிட நல்லாயிருக்கிறது. நீ கூப்பிடுவது கணக்கில் வராது, உனக்கு இரண்டு இருக்கிறது.

ஒஷாவாவுக்கு நான் போகமாட்டேன். செத்தவர் வருத்தம் தெரிவிக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை என்று அவளிடம் சொல்.

ஆவியாக அலையும்,
கிளடிஸ்

---

ஒஷாவா
8 ஆனி 2025

அன்பின் தம்பிக்கு,

இங்கு நானும் அத்தானும் கர்த்தரின் கிருபையால் நலம். உனது நலத்தை அறிய ஆவல்.

நீ கேட்டதற்கு எனது பதில் பின்வருமாறு. உயிருள்ளவளை இறந்தவள் என்று போட்டது பிழை. அதை நான் எவரிடமும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழை எப்படி வந்தது என்று என்னை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் சிரித்தார்கள். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். சிரிக்கத் தொடங்கியது யார் என்பது உனக்குத் தெரியும்.

நீயும் கேட்காதே. உன்னிடம் சொல்ல மாட்டேன்.

அவள் என் வீட்டுக்கு வந்தால் வாசலில் நிற்கவிடமாட்டேன், உள்ளே கூப்பிடுவேன். இதை அவளுக்குச் சொல்லாதே. அவள் தலைக்கனத்தோடு வருவாள். அவளுக்குக் கால் வீக்கம் இருந்ததே, குறைந்துவிட்டதா என்று நீ கேட்பது போலக் கேள்.

அன்பு மறவாத,
ஜசிந்தா இரத்தினவேல்

---

டோஹா
29 ஆனி 2025

அன்புள்ள சின்னக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். கால் வீக்கம் எப்படி? (நான்தான் கேட்கிறேன்.)

போன திங்கள் பின்னேரம் இங்கே ஒரு கலியாண வரவேற்பு. மூன்று அடுக்குக் கேக். மேல் அடுக்கில் சீனியால் செய்த இரண்டு புறா. கேக்கைத் தள்ளிக்கொண்டு போகும் நேரம் வானத்தில் கொஞ்சம் வெளிச்சமும் சத்தமும் வந்தது. கேக் விழவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் என்னைத் தட்டிக்கொடுத்தார். நல்ல கேக், உள்ளே ஏலக்காய் போட்டிருந்தார்கள்.

பெரியக்காவின் பக்கம் கொஞ்சம் இளகியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. குரங்கு என்று அவ சொல்லவில்லை. வேறு மிருகம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே இரண்டு பகுதியும் முட்டிக்கொண்டு நிற்கும்போது, நடுவில் போகிறவர் புதிதாக ஒன்றும் சொல்லமாட்டாராம். ஒரு பகுதியிடம் மற்றவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாராம். நானும் கேட்கிறேன். உங்கள் பெயர் எப்படி அந்த இடத்தில் போய் விழுந்தது என்று நீங்கள் யோசித்தீர்களா?

தம்பி,
கஸ்பர்

---

பார்க்டேல்
13 ஆடி 2025

தம்பிக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று "உனக்கு"ச் சொல்லிவிடு.

கொஞ்சம் வெளிச்சமாம், கொஞ்சம் சத்தமாம்! உன் தலைக்கு மேலே மிசைல் பறந்து வெடித்ததை நான் கடை ரீவியில் பார்த்துவிட்டு மாவில் உப்பை இரண்டு தரம் போட்டேன். அன்று மோமோ வாங்கியவர்கள் எல்லாம் தண்ணீர் கேட்டார்கள். நீ எனக்கு ஏலக்காயைப் பற்றி எழுதுகிறாய். மத்தியஸ்தம் பார்த்துப் பார்த்து, சொந்தக் கதையையும் கழுவித் துடைத்துத்தான் அனுப்புகிறாய். உனக்கும் எங்களுக்கும் நடுவில் யாரடா நிற்கிறார்?

சரி, நினைவஞ்சலியில் வர வேண்டியதை எழுதிவிட்டேன். "கிளடிஸ் (உயிருடன், பார்க்டேல், மூன்றாம் மாடி)." ஒரு எழுத்தும் குறைக்கமாட்டேன்.

உன் கேள்வியை வாசித்தேன். அம்மா செத்தபோது அறிவித்தலில் மரியரட்ணத்தின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்ற சொல்லைப் போட அப்பா விடவில்லை. "பொடியன் கடலுக்குப் போனவன், வரேல்லை, அவ்வளவுதான்" என்றார். பத்தொன்பது வயதில் எங்கள் குருநகர்க் கரையிலிருந்து போனவனுக்கு அப்பா சாகும்வரைக்கும் ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. போன ஐப்பசியில்தான் முதல் தரம் அச்சில் வந்தது.

அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீயும் எழுதாதே.

இங்கே நல்ல வெயில். ஏரிக்கரையில் சனம் வெள்ளரிக்காய் மாதிரிப் படுத்துக் கிடக்கிறது.

சின்னக்கா

---

டோஹா
30 ஆவணி 2025

அன்புள்ள பெரியக்காவுக்கும் சின்னக்காவுக்கும்,

(வயது வரிசையில் எழுதியிருக்கிறேன், வேறு அர்த்தம் இல்லை.) இருவரும் சுகம் என்று இருவரிடமிருந்தும் அறிந்தேன். இந்தக் கடிதம் ஒரே கடிதம், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறேன்.

பூசைக்கு இன்னும் ஒரு மாதம்தான். அப்பாவுக்குப் பிள்ளைகள் நாலு பேர். ஒருவன் கடலோடு, ஒருவன் பாலைவனத்தில். மிச்சம் இரண்டு பேரும் கோவிலில் இரண்டு பக்கத்து வாங்கில் இருந்தால், அந்தப் பூசையை நான் இங்கேயிருந்து நினைக்கவும் மாட்டேன்.

ஆகவே என் யோசனை. ஒஷாவாவும் வேண்டாம், பார்க்டேலும் வேண்டாம். கில்ட்வூட் ஸ்ரேசன் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புரட்டாதி பதின்மூன்றாம் திகதி சனிக்கிழமை பெரியக்கா ஒஷாவாவிலிருந்து ரெயின் எடுங்கோ, சின்னக்கா யூனியன் ஸ்ரேசனிலிருந்து எடுங்கோ. ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் ஏறியதாக வராது. அங்கே பெரியக்கா பூசைக்கு வரச் சொல்லட்டும். சின்னக்கா பகிடிக்கு வருத்தப்படட்டும். யார் முதலில் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாக வாயைத் திறவுங்கோ.

நினைவஞ்சலிக்கு இங்கே கற்ற ஒரு பாடம். ஒரு சொல்லில் இரண்டு பகுதியும் பிடித்துக்கொண்டு நின்றால், நல்ல சொல் தேடிக் களைத்த பிறகு, அந்தச் சொல்லையே எடுத்துவிடுவார்களாம். "காலஞ்சென்ற" வேண்டாம். ஒருவருக்கும் வேண்டாம். பெயர்கள் மட்டும் இருக்கட்டும்.

ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கோ.

உங்கள் இருவருக்கும் தம்பி,
கஸ்பர்

---

பார்க்டேல்
9 புரட்டாதி 2025

தம்பி,

கில்ட்வூட்டுக்கு வரமாட்டேன் என்று நேற்று எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. அதை விடு.

காலமை கடையில் ரீவியில் டோஹா என்று போட்டார்கள். பேச்சுக்கு வந்தவர்கள் தங்கும் இடத்தில் குண்டு போட்டார்களாம். புகை. உயிர் போயிருக்கிறதாம். எந்த இடம் என்று எனக்கு விளங்கவில்லை. உன் ஹோட்டலா?

எடுக்கிறேன், மணி அடிக்கவில்லை. வட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கு ஒரே ஒரு ரிக்தான் விழுகிறது, உனக்குப் போய்ச் சேரவில்லை. கஸ்பர், ஒரு சொல் அனுப்பு. கழுவின சொல் என்றாலும் பரவாயில்லை.

அக்கா

---

ஒஷாவா
10 புரட்டாதி 2025

தம்பி கஸ்பருக்கு,

இன்னும் ஒரே ரிக். நீ பார்க்கிறபோது பார். நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், எழுதுவதை நிற்பாட்டினால் வேறு யோசனை வருகிறது.

மேலே இடத்தின் பெயரைப் பார்த்தாயா? ஓம், ஒஷாவாதான்.

நேற்று உனக்கு எடுத்து எடுத்து என் போனில் பற்றரி செத்துப்போச்சு. ஏப்ரனைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தேன், "எங்கே போறாய் அச்சா?" என்றாள். "என்ரை அச்சாவிட்டை" என்று தமிழில் சொல்லிவிட்டு ஸ்ரீற்கார் பிடித்து, யூனியனில் ரெயின் பிடித்து, பஸ் பிடித்து, ஜசிந்தாவின் கதவைத் தட்டினால் ஒருவரும் இல்லை. காரும் இல்லை. படியில் குந்தினேன். கை எல்லாம் மா.

நல்லா நேரம் போன பிறகு கார் வந்தது. அத்தான் ஓட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில். இறங்கி என்னைப் பார்த்தாள்.

"எங்கையடி போனனீ?"

"எங்கை போறது? உன்ரை வீட்டை."

"நான் உன்ரை வீட்டை போனனான். மூண்டு மாடி ஏறினனான். லிப்ட் வேலை செய்யேல்லை. பிறகு அந்தக் கொழுக்கட்டைக் கடைக்குப் போனால், அந்தப் பிள்ளை கையைக் கையைக் காட்டுது, அச்சா போயிட்டா எண்டு. எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு."

"போயிட்டா எண்டால் வெளியிலை போயிட்டா எண்டடி!"

"எனக்கு எப்படித் தெரியும்? உன்ரை விசயத்திலை எனக்கு இப்பிடியே ஆகுது!"

தம்பி, எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். சத்தியமாக அடக்கினேன். அவள்தான் முதலில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அத்தான் காரைப் பூட்டுகிற சாட்டில் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நீ ஐந்து மாதம் ஏறி இறங்கியும் முடியாத காரியம். அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள், நான் அவள் வீட்டுக்கு வந்துவிட்டேன், இரண்டு பேரும் ஒருவரும் இல்லாத வீட்டுக்கு!

உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போனை மேசையில் நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவளாகச் சொன்னாள்.

"அந்த அறிவித்தல் போடுற ஆள் போனிலை, காலஞ்சென்ற பிள்ளையள் ஆராவது இருக்கினமோ எண்டு கேட்டான். மரியரட்ணம் எண்டன். அந்தச் சொல்லோடை அவன்ரை பேரை நான் ஒரு நாளும் சொன்னதில்லையடி. சொன்ன உடனை தலை சுத்திச்சு. அவனைச் சொன்னால் பிறகு உன்னைச் சொல்லித்தானே பழக்கம். சாப்பிடக் கூப்பிட்டாலும் செபத்துக்குக் கூப்பிட்டாலும் அம்மா ரெண்டு பேரையும் ஒரே மூச்சிலைதானே கூப்பிடுறவ, மரியரட்ணம்-கிளடிஸ் எண்டு. வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது. அவன் எழுதிப்போட்டான்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்ல வெளிக்கிட்டால் அவனைப் பற்றியெல்லோ கதைக்க வேணும். நீ வாசலிலை நிண்டு பகிடி விடுறாய்."

"நான் என்ரை பேரை எங்கை பார்த்தனான்? முன்னாலை கிடந்த பேரைத்தான் பார்த்தனான். அதைப் பற்றிச் சொல்ல ஏலாமல்தான் என்ரை பேரை வைச்சுப் பகிடி விட்டனான்."

அவள் எனக்குச் சோறு போட்டாள். நான் கை கழுவாமல் இருந்ததற்கு ஏசினாள்.

போன் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. தம்பி, உன் பெயருக்கு முன்னாலும் அந்தச் சொல்லைப் போடச் சொல்லி எங்களைக் கேட்க வைக்காதே.

சின்னக்கா

---

டோஹா
12 புரட்டாதி 2025

அன்புள்ள அக்காமாருக்கு,

நான் நல்ல சுகம். மன்னிக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது போனைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இந்த முறை திருப்பித் தரச் சுணங்கிவிட்டது. சம்பவம் நடந்தது எங்கள் ஹோட்டலில் இல்லை, கொஞ்சம் தள்ளி. ஒரு சத்தம் கேட்டது. பிறகு வேலை வழமை போல நடந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பொரியல்.

ஒஷாவா என்று மேலே பார்த்து மிகவும் சந்தோசம்.

அன்புடன்,
கஸ்பர்

---

ஒஷாவா
5 ஐப்பசி 2025

எங்கள் அன்புத் தம்பிக்கு,

இரண்டு அக்காவும் ஒரே மேசையில் இருந்து எழுதுவது. எழுதுவது நான், பிழை பிடிப்பது அவள். இருவரும் சுகம்.

இன்று அப்பாவின் பூசை முடிந்தது. ஒரே வாங்கில்தான் இருந்தோம். பாட்டுக்கு அக்கா மிகவும் மேலே எடுத்தாள், நான் காலை மிதித்தேன்.

(இது ஜசிந்தா எழுதுவது: சரியான சுருதியில்தான் பாடினேன்.)

நினைவஞ்சலியின் படத்தை இதோடு அனுப்புகிறோம். நீ சொன்னபடி அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். "ஜசிந்தா (ஒஷாவா), மரியரட்ணம் (குருநகர்), கிளடிஸ் (பார்க்டேல்), கஸ்பர் (டோஹா) ஆகியோரின் பாசமிகு தந்தை." அறிவித்தல் ஆள் விடவில்லை. "அன்ரி, உவர் மரியரட்ணம் போனமுறை காலஞ்சென்றவர் எண்டெல்லோ கிடந்தது?" என்று கேட்டான். அக்கா, "அவர் குருநகர். அப்பிடியே போடுங்கோ" என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

(கொஞ்சம் நடுங்கியது.)

ரோகிணி அன்ரி கோவில் வாசலில் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தா. "மரியரட்ணம் குருநகரிலையோ? சொல்லவேயில்லை" என்று கேட்டா. அக்கா, "ஓம் அன்ரி, அங்கைதான்" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது உன் விசயம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறைக்கு வந்தாயிற்று. இனி நீ ஒரு அறையில் தனியாக இருக்கிறாய். மீன் பொரியல் கதை எங்களுக்கு வேண்டாம். உன் கடிதத்தை அக்கா மூன்று தரம் வாசித்துவிட்டு, "இவன் எங்களுக்குச் செய்ததைத் தனக்கும் செய்யிறான்" என்றாள். அந்த நாள் என்ன நடந்தது? நடுவில் ஆள் இல்லாமல், பச்சையாக எழுது.

(தம்பி, எழுது. நான் பிழை பிடிக்க மாட்டேன்.)

உன் அக்காமார்,
கிளடிஸ், ஜசிந்தா

---

டோஹா
19 ஐப்பசி 2025

அன்புள்ள பெரியக்கா, சின்னக்கா,

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு கிழமை. எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்கு மற்றவர் சொன்னதைக் கொண்டுபோகத்தான் தெரியும் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அன்று பின்னேரம் நான் மண்டபத்தில் மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். முதல் சத்தத்துக்குக் கட்டிடம் அசைந்தது. கண்ணாடிக்கு வெளியே புகை எழும்பியது. ஆனி மாதம் வந்த சத்தம் வானத்தில். இது நிலத்தில். குருநகரில் சின்னனில் சண்டை நேரம் கேட்ட அதே சத்தம், அக்கா. என் உடம்பு அதை மறக்கவில்லை. எனக்குத் தெரியாமலே மேசைக்குக் கீழே போய்விட்டேன். நேபாளப் பொடியங்கள் நின்றுகொண்டு ஜன்னலால் பார்க்கிறார்கள், நான் மட்டும் கீழே, துணியை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு. சூப்பர்வைசர் குனிந்து, "வெளியே வா கஸ்பர், முடிந்துவிட்டது" என்றார். வரவில்லை. அவரும் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தார்.

இங்கே சண்டையை நிற்பாட்ட வருகிறார்கள் என்று நினைத்துத்தான் இத்தனை வருசம் நிம்மதியாகத் தூங்கினேன். கதவைத் திறந்து வைத்திருக்கிற வீட்டுக்குள்ளேயே போட்டால் மனிசர் எங்கே போய் இருந்து கதைப்பது? இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று எங்கள் ஹோட்டலில் எல்லாரும் சொன்னோம். கொஞ்ச நாளில் திரும்பவும் அறைகளைத் தயார்ப்படுத்தச் சொன்னார்கள். இந்த நாட்டுக்கு அந்த மனசு எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இல்லை. நான் பயந்தேன். இப்போதும் கதவு பலமாகச் சாத்தினால் பயப்படுகிறேன்.

லீவு கேட்டிருக்கிறேன். கனடாவுக்கு விசா கிடைக்குமோ தெரியாது, போட்டுப் பார்க்கிறேன். கிடைத்தால் யார் வீட்டில் தங்குவது என்று இப்போதே சண்டை தொடங்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. அதையும் எழுதினால்தான் பச்சையாக எழுதியதாகும். மேசைக்குக் கீழே கிடந்து நான் சேசுவே என்றும் கூப்பிடவில்லை, மாதாவே என்றும் கூப்பிடவில்லை. வாய் தன் பாட்டில் "அக்கா, அக்கா" என்றுதான் கத்தியதாம். சூப்பர்வைசர் பிறகு சொன்னார்.

எந்த அக்காவை என்று மட்டும் கேட்காதேங்கோ.

உங்கள் கஸ்பர்